படகுப் பலகையில் கீரைப்பாத்தி



மாசி மாசம் ஒரு காதுகுத்துக்கு வந்திருந்த சொந்தக்காரப் பிள்ளைங்க, எங்க வீட்டு வாசல்ல வரிசையா இருக்கற ஆறு மரப்பெட்டியைப் பார்த்துட்டு, "பெரியப்பா, இது எந்தக் கடையில வாங்கினது? சென்னைக்கு அனுப்புவாங்களா?"ன்னு கேட்டாங்க. கடையில வாங்கினது இல்லை. பழைய படகுப் பலகையிலயும், இடிஞ்சுபோன மாட்டுக்கொட்டாய் பனஞ்சட்டத்துலயும் செஞ்சது. எப்படிச் செஞ்சோம்னு அன்னைக்கு நின்னுகிட்டே சொன்னது அவங்களுக்குப் பாதிதான் புரிஞ்சிருக்கும். மொட்டை மாடியில தோட்டம் போடணும்னு நினைக்கிற மத்தவங்களுக்கும் உதவட்டும்னு முழுசா எழுதறேன்.

முதல்ல, நிலம் வெச்சிருக்கறவன் எதுக்குப் பெட்டியில கீரை விதைக்கிறான்னு சொல்லணும்.

எங்க ஊர் மரக்காணம் உப்பளத்துக்கும் கழுவெளி ஏரிக்கும் நடுவுல இருக்கு. தமிழ்நாட்டுல உப்புன்னா தூத்துக்குடி, வேதாரண்யம், அதுக்கு அப்புறம் மரக்காணம். 3,000 ஏக்கருக்கு மேல உப்பளம். ஈசிஆர்ல பாண்டிச்சேரிக்குப் போறவங்க ரோட்டு ஓரம் வெள்ளை வெள்ளையா குவிச்சு வெச்சிருக்கறதைப் பார்த்திருப்பீங்க. இந்தப் பக்கம் கழுவெளி. 2021 டிசம்பர்ல அதைப் பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. மழைக்காலத்துல அது நல்ல தண்ணி ஏரி. கோடையில எடையந்திட்டு முகத்துவாரம் வழியா கடல் தண்ணி ஏறி உப்பங்கழி ஆயிடும். எனக்கு இருக்கறது ஒன்றரைக் காணி. மல்லாட்டை, தர்பூசணி, ஓரத்துல சவுக்கு. வீட்டுக்குப் பின்னாடி பத்து சென்ட்ல என் மனைவியோட கீரைப்பாத்தி.

அந்தப் பத்து சென்ட் பத்தித்தான் பேச்சே. கல்யாணம் ஆகி வந்த ரெண்டாவது வருஷத்துலேர்ந்து அவங்க அதுல கீரை போட்டு, கட்டு கட்டி, தெருவுல வித்துகிட்டு வந்தாங்க. பெரிய காசு இல்லை. ஆனா அது அவங்க காசு. பொண்ணோட நோட்டுப் புஸ்தகம், பஸ் பாஸ், மாமியாருக்கு மாத்திரை எல்லாத்துக்கும் அந்தச் சுருக்குப்பையிலேர்ந்துதான் எடுப்பாங்க. என்கிட்ட கணக்கு சொல்ல வேண்டியது இல்லை.

எங்க அப்பா காலத்துக் கிணறு குடிக்கிற தண்ணி. அப்புறம் சுத்துவட்டாரத்துல போர் மேல போர் போட்டு இழுத்தாங்க. நல்ல தண்ணி குறைய, கீழேர்ந்து உப்புத்தண்ணி மேல வந்துச்சு. கடலோரத்துல பூமிக்குள்ள நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல மிதக்குது. மேல இருக்கறதை அதிகமா எடுத்தா அடியில இருக்கறது ஏறும். அவ்வளவுதான் விஷயம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சே, அப்போ எங்களுக்கு மேற்கே மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டருக்கு மேல மழை. அந்தத் தண்ணி அத்தனையும் எங்க பக்கம்தான் வந்தாகணும். கழுவெளி தளும்பி, உப்பளத்துத் தண்ணியும் சேர்ந்து, எங்க தாழ்ந்த பாத்தியில நின்னுச்சு.

மழைத்தண்ணி உப்பைக் கழுவிக்கிட்டுப் போகும்னு சொல்லுவாங்க. உண்மைதான், ஆனா வடிய வழி இருந்தாத்தான் போகும். வழியில்லாம நின்னா ஊத்து மட்டம் மேல ஏறிடும். அடுத்த கோடையில வெயில் மண்ணை உறிஞ்ச, விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி உப்பும் சேர்ந்து ஏறி மேல வெள்ளையா பூத்துச்சு. கீரை விதை முளைச்சு ரெண்டு இலையோட கருகிடும். உப்பளத்து வரப்புல வளர்ற உமரிப்பூண்டு எங்க கீரைப்பாத்தியில தலைகாட்டினப்போ, என் மனைவி அதைப் பிடுங்கி என் கையில கொடுத்தாங்க. ஒண்ணும் சொல்லலை. சொல்ல என்ன இருக்கு?

நிலத்துக்குச் செய்ய வேண்டியதைத் தனியா செஞ்சுகிட்டு இருக்கேன். வடிகால் வெட்டியாச்சு. தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழணும். ரெண்டு மூணு மழைக்காலமாவது ஆகும். அது வரைக்கும் கீரைக்காரி கையைக் கட்டிக்கிட்டு உட்கார முடியுமா? உப்பு கீழேர்ந்துதானே ஏறுது, மண்ணைத் தரையிலேர்ந்து பிரிச்சு வெச்சா ஏற முடியாது. அப்படித்தான் பெட்டி யோசனை வந்தது. அடியில செங்கல், அதுக்கு மேல பெட்டி, நடுவுல காத்து. திரியை அறுத்துவிட்ட மாதிரி.

புது மரம் வாங்கற விலை எல்லாருக்கும் தெரியும். அதனால பழைய மரம் தேடினேன். எங்க ஊர்ல பழைய மரம்னா கடக்கரைக்குத்தான் போகணும்.

இதுல ஒரு வேடிக்கை. இந்தக் கரையில பழைய மரத்தை எடுத்துப் பயன்படுத்தறது இன்னைக்கு நேத்து வந்த பழக்கம் இல்லை. சிறுபாணாற்றுப்படையில எயிற்பட்டினம்னு ஒரு ஊர் வருது. அது மரக்காணம்தான்னு அறிஞர்கள் பல பேர் சொல்றாங்க. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடின பாட்டு அது. பாடினவர் நத்தத்தனார், எங்களுக்கு வடக்கே இருக்கற இடைக்கழிநாட்டுக்காரர். அலை கொண்டுவந்து கரையில போட்ட வாசனை மரங்கள், ஒட்டகம் படுத்துத் தூங்கற மாதிரி கிடக்கும், அதைத்தான் கரையில இருக்கறவங்க விறகா எரிப்பாங்கன்னு அதுல சொல்லியிருக்கார். எங்க ஊர் தமிழ் வாத்தியார் இதைச் சொல்லக் கேட்டதுலேர்ந்து, கரையில கட்டை கிடந்தா எனக்கு ஒட்டகம் ஞாபகம்தான் வருது.

இப்போ அலை கொண்டுவர்றது தெர்மாகோலும் பாட்டிலும்தான். ஆனா மணல்ல கவுந்து கிடக்கற மரப்படகு அங்கங்க இருக்கு. 2004 சுனாமிக்கு அப்புறம் நிவாரணமா ஃபைபர் படகு வந்து இறங்குச்சு. அதுக்கப்புறம் கட்டுமரமும் மரவள்ளமும் கரையேறிடுச்சு. ஃபைபர் இலேசு, இன்ஜின் மாட்டலாம், வருஷா வருஷம் பழுது பார்க்கற வேலை குறைவு. கட்டுமரத்தை ஒவ்வொரு தடவையும் கயிறு அவுத்துக் காயப்போடணும், இல்லன்னா தண்ணி குடிச்சு கனத்துடும். யாரையும் குறை சொல்ல முடியாது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன்கிட்ட 24 அடி வள்ளம் ஒண்ணு கிடந்தது. அவங்க அப்பா கட்டினது, அயினிப் பலகை. கழியில ஓட்டினது. ஈசிஆர்ல இருக்கற ஒரு தங்கும் விடுதிக்காரங்க வந்து, தோட்டத்துல நிமிர்த்தி வெச்சு லைட் போட்டா அழகா இருக்கும்னு போட்டோ எடுத்துட்டுப் போனாங்களாம். போன் பண்றோம்னு சொன்னவங்க பண்ணவே இல்லை. விறகுக்காரர் எடைக்குக் கேட்டிருக்கார். அந்த விலைக்குக் கொடுக்க அண்ணனுக்கு மனசு வரலை. மகன் மட்டும் "எடத்தை அடைச்சுகிட்டு கிடக்கு, குடுத்துடுப்பா"ன்னு சொல்லிகிட்டு இருந்தான்.

நான் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லலை. வள்ளத்தைச் சுத்தி ஒரு நடை நடந்தார். பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"எதுக்கு தம்பி, கீரை வெக்கவா?"

"ஆமாண்ணே. வீட்டுல பாத்தி உப்பாயிடுச்சு."

"உப்பு வேணாம்னு எங்க உப்புத்தண்ணியில கெடந்த பலகையைக் கேக்கறியே"ன்னு சிரிச்சார்.

அப்புறம் நிபந்தனை போட்டார். அணியம் அவருக்கு. பேரு எழுதின பலகையும் அவருக்கு. மிச்சத்துக்கு 5,500 ரூபா. அதுக்கு மேல வாரம் ஒரு கட்டு கீரை, அவர் இருக்கற வரைக்கும். "மீன் திங்கறவன் வீட்டுல கீரை எங்க கெடைக்குது"ன்னார். ஒத்துகிட்டேன். ஆச்சாரி வந்து பிரிக்கறப்போ அவர் அங்க நிக்கலை. வலை கட்டற கொட்டாய்ல போய் உட்கார்ந்துட்டார். பிரிச்சு முடிச்சதும் வந்து, அணியத்தைத் தோள்ல தூக்கிகிட்டு, யாரையும் பிடிக்க விடாம வீட்டுக்குப் போனார். அறுபத்தெட்டு வயசு அவருக்கு.

இனி வேலை. அவர் சிரிச்சது சரியான கேள்விதான். உப்பேறின பலகையில வெச்சா உப்பு மறுபடி மண்ணுக்குத்தானே வரும்? அதை இப்படிச் சோதிச்சுப் பார்த்தோம். பலகையோட தூளைச் சீவி ஒரு சொம்பு மழைத்தண்ணியில ரெண்டு நாள் ஊறவெச்சோம். ஒரு கிண்ணத்துல அந்தத் தண்ணி, இன்னொண்ணுல வெறும் மழைத்தண்ணி. ரெண்டுலயும் ஈரத்துணி போட்டு 20 பச்சைப்பயறு. மழைத்தண்ணியில 19 முளைச்சது. பலகைத் தண்ணியில 6. மீட்டர் கருவி எதுவும் இல்லாம உப்பு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்க இது போதும். நீங்களும் செய்யலாம்.

ஆவணியில பலகை வந்தது. ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழையில கிடத்தினோம். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்காம, நடுவுல குச்சி வெச்சு, வாரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட்டோம். கிணத்துத் தண்ணியால கழுவ முடியாது, அதுவே உப்பு. மழை விட்ட நாள்ல ஓட்டுத்தண்ணி பிடிச்ச தொட்டியில நாலஞ்சு பலகையா முக்கி, தண்ணியை மாத்தி மாத்தி ஊறவெச்சோம். மார்கழியில மறுபடி பயறு வெச்சுப் பார்த்தா 18 முளைச்சது. அதுக்கப்புறம்தான் ஆச்சாரியைக் கூப்பிட்டேன்.

ஆச்சாரிக்குப் பழைய மரம்னா முதல்ல பிடிக்காது. காரணம் ஆணி. துருப்பிடிச்சு மரத்துக்குள்ளேயே முறிஞ்சு கிடக்கற ஆணி ரம்பத்துப் பல்லைத் தின்னுடும். பழைய ஸ்பீக்கர்லேர்ந்து எடுத்த காந்தத்தைப் பலகை மேல நகர்த்திப் பார்த்தார். எங்க இழுக்குதோ அங்க சாக்பீஸ் குறி. பிடுங்க முடிஞ்சதைப் பிடுங்கி, முடியாத இடத்தை விட்டு அறுத்தார்.

அடுத்தது பெயின்ட். நீலம், சிவப்பு, பச்சைன்னு அடை அடையா இருந்தது. பார்க்க அழகு. என் மனைவிக்கு அந்த நீலம் பிடிச்சிருந்தது. ஆனா பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும். வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டுல சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். அதுக்கு முன்னாடி அடிச்சது எதையும் நம்ப முடியாது, அதுவும் சாப்பிடற கீரைக்குப் பக்கத்துல. அதனால இழைச்சு எடுத்துட்டோம். தண்ணி தெளிச்சு ஈரமாக்கி, மூக்குல துணி கட்டி, கீழே தார்ப்பாய் விரிச்சு. காய்ஞ்ச பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, அந்தத் தூசி பிள்ளைங்க நெஞ்சுக்குப் போகும். சீவின சுருளை அடுப்புலயும் போடக் கூடாது, எருக்குழியிலயும் போடக் கூடாது. பெயின்ட் போன கட்டையும், கடல் உப்பு ஏறின கட்டையும் எரிச்சா வர்ற புகை நல்லதில்லை. தண்ணிக்குள்ள கிடந்த அடிப்பலகை எதையும் நாங்க எடுக்கலை. பாசி, சிப்பி ஒட்டாம இருக்க அங்க மருந்து பெயின்ட், முந்திரி ஓட்டு எண்ணெய் எல்லாம் பூசியிருப்பாங்க. மேல்பக்கத்துப் பலகை மட்டும்தான் பெட்டிக்கு வந்தது.

ஒரு பெட்டி 4 அடி நீளம், 2 அடி அகலம், 1 அடி ஆழம். நாலு பக்கத்துக்கும் சேர்த்து 12 சதுர அடி பலகை. ஆறு பெட்டிக்கு 72 சதுர அடி. அதோட வள்ளத்துப் பலகை தீர்ந்துபோச்சு. அடிப்பலகைக்குப் பனஞ்சட்டம். ஃபெஞ்சல்ல சாய்ஞ்ச மாட்டுக்கொட்டாய் சட்டம், எங்க தாத்தா போட்டது. வைரம் பாய்ஞ்ச பனை ஆச்சாரி உளியையே திருப்பி அனுப்புச்சு. இப்போ பனை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும், 2021 வேளாண் பட்ஜெட்ல அறிவிச்சது. நல்லதுதான், நம்ம மாநில மரமாச்சே. ஆனா ஏற்கெனவே வெட்டி அம்பது அறுபது வருஷம் நின்ன சட்டத்தை யாரும் விறகாக்காதீங்க. பழைய ஓட்டு வீடு இடிக்கற இடத்துல சொல்லி வெச்சா கிடைக்கும்.

சட்டத்துக்குச் சட்டம் அரை விரல் இடைவெளி விட்டோம், தண்ணி வடியறதுக்கு. மேல பழைய தேங்காய் நார்ப்பாய். மூலைக்கு உள்ளே இரண்டு அங்குலக் கட்டை கொடுத்து, துத்தநாகம் பூசின ஸ்குரு போட்டு முடுக்கினோம். ஆணி வேண்டாம். ஈரமண் தள்ளறப்போ ஆணி பிடுங்கிக்கும். வெளிப்பக்கம் மட்டும் ஆளிவிதை எண்ணெய் ரெண்டு தடவை பூசினோம். சில பேர் கரையானுக்குன்னு மெக்கானிக் கடை கழிவு ஆயிலை அடிப்பாங்க. வேலிக்கால்னா அவங்க இஷ்டம். கீரைப்பெட்டிக்கு அது ஆகவே ஆகாது.

செலவுக் கணக்கு: பலகை 5,500, ஆச்சாரி ரெண்டு நாள் 2,400, ஸ்குரு 640, வண்டி வாடகை 800, எண்ணெய் 900. மொத்தம் 10,240. பெட்டிக்கு 1,700 சொச்சம். குரோ பேக் சில பத்து ரூபாதானேன்னு கேப்பீங்க. ஆமா, மலிவுதான். ரெண்டு மூணு வெயில்ல கிழிஞ்சு பொடிப்பொடியா மண்ணோட கலக்கும். அயினி கடல்லயே அத்தனை வருஷம் கிடந்த மரம். கணக்கு உங்களுடையது.

மண்ணு விஷயத்தைச் சொல்லணும். எங்க மண்ணைப் போட முடியாது. திண்டிவனம் பக்கம் தங்கச்சி ஊர்லேர்ந்து செம்மண் கொண்டுவந்தோம். மச்சான் காசு வாங்கலை, டிராக்டர் வாடகை மட்டும். இறக்கறப்போ டிரைவர் தம்பி, "என்னா மாமா, கொல்லைக்காரரு மண்ணு வாங்கற காலம் வந்துடுச்சா?"ன்னான். விளையாட்டாத்தான் கேட்டான். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை. எங்க அப்பா கையில அள்ளி மோந்து பார்த்த மண்ணு பின்னாடி வெள்ளையா கிடக்குது, நான் வாசல்ல அடுத்த ஊர் மண்ணைக் கொட்டி வெச்சிருக்கேன்.

செம்மண் ஒரு பங்கு, மக்கின சாணி எரு ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவைக் கடையில வாங்கினதும் அப்படியே போடாதீங்க. அதுலயும் உப்பு இருக்கும். மூணு தடவை தண்ணியில ஊறவெச்சுப் பிழிஞ்சு போடுங்க. நகரத்துல மாடித்தோட்டம் நல்லா வரலைன்னு சொல்ற பல பேருக்குக் காரணம் இதுவாத்தான் இருக்கும்.

தண்ணிக்கு ஓட்டுக்கூரை. 400 சதுர அடி கூரையில 1 சென்டிமீட்டர் மழை பெஞ்சா 370 லிட்டர் கிடைக்கும். ஆயிரம் லிட்டர் டேங்க் ரெண்டு வெச்சிருக்கேன். ஒரு பெட்டிக்கு வெயில் நாள்ல 5 லிட்டர், ஆறுக்கு 30. ரெண்டாயிரம் லிட்டர் ரெண்டு மாசத்துக்கு மேல தாங்கும். அப்புறம் அரிசி கழுவின தண்ணி, ஊராட்சிக் குழாய்த் தண்ணி. மேல காய்ஞ்ச வைக்கோல் மூடாக்கு போட்டா இன்னும் குறையும்.

சென்னையில இருக்கறவங்களுக்குப் படகுப் பலகை எங்க கிடைக்கும்? வேண்டாம். உங்களுக்குக் கிடைக்கறது துறைமுகத்துச் சரக்கோட வர்ற பாலெட் கட்டை. அதுல கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை இருக்கும், பக்கத்துல ஆங்கிலத்துல ரெண்டு எழுத்து. ஹெச்.டி.ன்னு இருந்தா சூடுகாட்டினது. மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரியில 30 நிமிஷம் வெச்சிருப்பாங்க. அது சரி. எம்.பி.ன்னு இருந்தா மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீங்க. முத்திரையே இல்லாதது, எண்ணெய்க் கறை, மருந்து வாசனை இருக்கறது எதுவும் வேண்டாம். பழைய ரயில்வே சிலிப்பர் கட்டை கிடைச்சாலும் வேண்டாம், கிரியோசோட் தார் ஏத்தினது அது. பிளைவுட், அழுத்தின தூள் பலகை ரெண்டும் தண்ணி பட்டா உப்பிப் போகும், உள்ளே பசை வேற. பழைய கதவு, ஜன்னல், கட்டில் தேக்கா இருந்தா நல்லது, பெயின்ட் விஷயம் மட்டும் மேல சொன்ன மாதிரி.

இன்னொண்ணு கனம். இது ரொம்ப முக்கியம். எங்க வாசல் தரை எவ்வளவு வேணாலும் தாங்கும். மாடி அப்படி இல்லை. ஆள் நடமாடற மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோன்னு கணக்கு வெச்சுத்தான் கட்டுவாங்கன்னு எங்க ஊர் என்ஜினியர் தம்பி சொல்லுச்சு. எங்க பெட்டி ஒண்ணுல 226 லிட்டர் மண்கலவை, நனைஞ்சா 250 கிலோ வரும். பெட்டி அடைக்கற இடம் முக்கால் சதுர மீட்டர்தான். கணக்குப் போட்டுப் பாருங்க, ரெண்டு மடங்குக்கு மேல போகுது. அதனால மாடிக்கு 6 அங்குல ஆழத்துல செய்ங்க. கீரைக்கு, கொத்தமல்லிக்கு அது போதும். நடுவுல வெக்காம சுவர் ஓரமா, பீம் போற இடத்துல வைங்க. கட்டடம் பழசுன்னா தெரிஞ்சவங்களைக் கேட்டுட்டு வைங்க. கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு 1 அடி வேணும், அதுக்குத் தரையில இடம் இருந்தா பாருங்க.

உப்புத்தண்ணி இருக்கற வீட்டுக்காரங்களுக்கு, திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம் நிறைய பேருக்கு அந்தக் கஷ்டம் உண்டு, ஒரு வரிசை சொல்றேன். பீன்ஸ் உப்பைத் தாங்கவே தாங்காது. மிளகாய், தக்காளி கொஞ்சம் தாங்கும். பீட்ரூட், பாலக், பருப்புக்கீரை நல்லாவே தாங்கும். அதுலேர்ந்து ஆரம்பிங்க. எந்தச் செடின்னாலும் கொஞ்சம் கொஞ்சமா தினம் தெளிக்கறதை விட, மாசத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணியை அடிவரைக்கும் வடியற மாதிரி ஊத்துங்க. சேர்ந்த உப்பு இறங்கும்.

தை முதல் வாரம் விதைச்சோம். சிறுகீரை 25 நாள்ல பிடுங்கினோம். அரைக்கீரை இப்போ மூணாவது அறுப்பு. ரெண்டு பெட்டியில கத்தரியும் மிளகாயும் பூத்திருக்கு. வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கட்டு வருது. முன்னாடி பத்து சென்ட்ல வந்ததுக்கு இது எந்த மூலைக்கு? 48 சதுர அடி நிலமா? விவசாயம்னே சொல்ல முடியாது. ஆனா முதல் வாரம் வித்துட்டு வந்து சுருக்குப்பையை இடுப்புல செருகினப்போ என் மனைவி நடையே வேற மாதிரி இருந்தது. பழைய வாடிக்கைக்காரங்க, "எங்கக்கா காணோம் இத்தினி நாளா"ன்னு கேட்டாங்களாம். அதைத்தான் ரெண்டு நாளா சொல்லிகிட்டு இருந்தாங்க, காசைப் பத்திச் சொல்லலை.

அண்ணனுக்கு வெள்ளிக்கிழமை தோறும் ஒரு கட்டு போகுது. முதல் கட்டு கொண்டுபோனப்போ வாசல்ல அணியத்தைச் சாய்ச்சு வெச்சு, அது மேல தூண்டில் கயிறு காயப்போட்டிருந்தார். கீரையைக் கையில வாங்கி, ஒரு இலையைக் கிள்ளி வாயில போட்டு மென்னார்.

"உப்பு இல்ல தம்பி"ன்னார்.

பின்னாடிப் பாத்தியில வடிகால் வெட்டினதுக்கு அப்புறம் உமரி ஓரத்துல மட்டும்தான் நிக்குது. ஆடி கழிஞ்சு மழை ஆரம்பிக்கறப்போ தக்கைப்பூண்டு தூவணும். மண்ணு திரும்புமான்னு கேட்டா, மழையும் வடிகாலும் சேர்ந்து பதில் சொல்லணும். திரும்பினாலும் பெட்டியை எடுக்க மாட்டேன்னு வீட்டுல இப்பவே சொல்லிட்டாங்க.

யாராவது செஞ்சு பார்த்தீங்கன்னா, முதல்ல அந்தப் பயறு சோதனையை விட்டுடாதீங்க. கிண்ணமும் துணியும் இருந்தா போதும். அடுத்த தடவை தர்பூசணி வெட்டு முடிஞ்சதும் விலை விவரத்தோட எழுதறேன். வரட்டுமா.